எந்த ஊர் ஷர்மூலா

எடை பார்க்கும் நாளில் பதூல் விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருப்பாள். இத்ரிஸ் தன் பெரியப்பாவை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு எடைக் கருவியின் மேல் ஏறுவான். பிறகு அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தனியாக ஏறுவான். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் ஹாஜி தையிபின் எடை.

அன்று கழித்துப் பார்த்துவிட்டு இத்ரிஸ் சிரிக்க முயன்றான். "நோன்பு மாசத்துல நான் ஏறிக்கிட்டே போறேன், அவரு இறங்கிக்கிட்டே போறாரு. எல்லாம் எனக்குத்தான் ஒட்டுது போல."

"சிரிக்காதீங்க. எவ்வளவு?"

சொன்னான். போன வாரத்தைவிடக் குறைவு. அதற்கு முந்தைய வாரமும் அப்படித்தான் இருந்தது.

பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன ஹாஜியைப் பார்த்துக்கொள்ள, மொராக்கோவின் காசாபிளாங்காவில் அந்த நான்காம் மாடி வீட்டுக்குப் பதூல் வந்து ஒரு குளிர்காலம் முடிந்திருந்தது. ஹாஜிக்கு ஊர் துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ். இளவயதில் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுதுபார்க்க வந்தவர், இந்த ஊர்ப் பெண் ஹனியாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஹனியா போன வருடம் இறந்துபோனாள். அவளுடைய தங்கை மகன் இத்ரிஸ்தான் இங்கே அவரைக் கவனிக்க மிச்சமிருந்த ஒரே உறவு. கார் டயர் கடை வைத்திருந்தான். நல்ல பையன், ஆனால் எதையும் காசு கொடுத்து வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவன்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "பெருநாள் முடிஞ்சு கூட்டிட்டு வாங்க. அப்பவும் எடை இறங்கியிருந்தா வயித்துல குழாய் வெச்சிடலாம்" என்றார்.

குழாய் மேல் பதூலுக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. குழாயால் பிழைத்தவர்களை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். அவளுடைய பயம் ஹாஜியின் இடது கையைப் பற்றியது. அந்த ஒரு கைதான் அவருக்கு மிச்சம். ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாயையும் ஊசியையும் அதே கையால்தான் பிடுங்கி எறிந்தார். வயிற்றில் குழாய் வைத்தால் அந்தக் கையைக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். குவைத்தில் அவள் பார்த்துக்கொண்ட கிழவிக்கு அப்படித்தான் கட்டினார்கள். துணி உரசி உரிந்த தோலுக்குத் தினமும் மருந்து போட்டவள் பதூல். காயம் ஆறியது, கிழவி அதற்குப் பிறகு யார் கையையும் பிடிக்கவில்லை.

ஹாஜிக்கு விழுங்கத் தெரியும். மெதுவாக, முகவாயைத் தாழ்த்தி, சின்னக் கரண்டியில் கொடுத்தால் இறங்கும். ஆனால் அவர் வாயைத் திறக்க மறுத்தார். பேச்சில் அவருக்குத் தங்கியது ஏறக்குறைய ஒரே சொல்தான். இல்ல.

கரண்டி வந்தால் இல்ல. தண்ணீர் வந்தால் இல்ல. ஜன்னலைத் திறந்தாலும் இல்ல. இல்ல என்று சொல்கிறவர் வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்பது பதூல் கற்ற முதல் பாடம். அவர் சொன்ன மறுநொடியே கிண்ணத்தை எடுத்துவிடுவாள்.

இத்ரிஸ் ஒரு யோசனை வைத்திருந்தான். அவளை மரியாதையாக லல்லா என்றுதான் கூப்பிடுவான். "லல்லா பதூல், ஒரே மாதிரி குடுத்தா யாருக்குத்தான் பிடிக்கும்? நம்ம தெரு முனையில நின்னா உலகமே கிடைக்குது. சிரியாக்காரன் பருப்பு சூப்பு, இத்தாலிக்காரன் தக்காளிக் கூழு, சீனாக்காரன் கடையில முட்டைத் தண்ணி. தினம் ஒரு நாடு. ஒண்ணு பிடிக்காமலா போயிடும்?"

"அவருக்குப் பசி இல்ல இத்ரிஸ். நீங்க பாட்டுக்கு உலகத்தைச் சுத்திக் காட்டினா?"

"பரவாயில்ல, பாஸ்போர்ட் இல்லாம சுத்தட்டும்."

டப்பா டப்பாவாக வந்தது. சிரியாவுக்கு இல்ல என்றார். இத்தாலியைப் பார்க்கவே இல்லை. சீனா வந்தபோது இடது கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார்; படுக்கை விரிப்பு முழுக்க முட்டை. மிச்சத்தை நோன்பு திறந்தபின் இத்ரிஸ்தான் சாப்பிட்டான். எடை ஏறாமல் என்ன செய்யும்.

நோன்பின் கடைசி வாரத்தில் ஒரு மதியம், பதூல் அவருடைய முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஹாஜி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஷர்மூலா."

அவளுக்குக் கை நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க ஹாஜி?"

"ஷர்மூலா."

பதூலுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் மொராக்கோவின் கடலோர ஊரான சஃபியைச் சேர்ந்தவள். மத்தி மீன் வாசம் இல்லாமல் அந்த ஊரில் காற்றே அடிக்காது. சிறு பெண்ணாக டப்பா மீன் ஆலையில் மத்தியின் தலை கிள்ளினாள். கல்யாணம் ஆனது. புருஷன் படகில் போனான். கடல் அவனைக் கொண்டுபோகவில்லை, அகாதிரில் இன்னொருத்தி கொண்டுபோனாள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் உதவியாளர் படிப்பு, வார்டு வேலை, குவைத். இத்தனைக்கும் நடுவே அவள் விட்டுக்கொடுக்காத ஒன்று ஷர்மூலா. கொத்தமல்லித் தழை, பூண்டு, சீரகம், காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள், எலுமிச்சை, எண்ணெய். அதை இடித்து மத்தியில் தடவினால் அதுதான் மீன், மற்றதெல்லாம் கடலில் கிடப்பது.

குவைத்தில் ஒரு ஹோட்டலில் 'மொராக்கோ இரவு' என்று விளம்பரம் பார்த்து எஜமானி வீட்டார் அவளையும் கூட்டிப்போனார்கள். ஷர்மூலா என்று கிண்ணத்தில் வந்தது, வெள்ளைச் சாஸில் பச்சைத் தூள் கலந்த ஏதோ ஒன்று. சமையல்காரரைக் கூப்பிட்டுவிட்டாள். அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் பணிவாக, "சாப்பிடுறவங்களுக்கு இப்படித்தாம்மா பிடிக்குது" என்றார். அன்றைக்கு அவள் வெறும் ரொட்டி தின்றுவிட்டு வந்தாள். எஜமானி வீட்டில் அவள் செய்யும் ஷர்மூலாவில் அந்த ஊர்க் காய்ந்த எலுமிச்சையைக் கொஞ்சம் போடச் சொல்லிக் கெஞ்சியபோதும் போடவில்லை.

ஆகவே அன்று மதியமே சந்தைக்கு ஓடினாள். மத்தியை முள் நீக்கி அரைத்து, ஷர்மூலா கலந்து, உருண்டை பிடித்து, தக்காளிச் சாற்றில் வேகவைத்து, மசித்தாள். நோன்பு என்பதால் ருசி பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அந்தக் கைக்கு அளவு தெரியும்.

"ஹாஜி, நீங்க கேட்டது. சஃபியிலகூட இப்படிக் கிடைக்காது."

ஹாஜி கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இல்ல."

"இல்லையா? நீங்கதானே கேட்டீங்க?"

"இல்ல. ஷர்மூலா... இல்ல."

பதூல் கிண்ணத்தை எடுத்தாள். ஆத்திரமாக வந்தது, பயமாகவும் இருந்தது. நோயாளி ஒன்றைக் கேட்டு, அது கிடைத்தபின்பும் வேண்டாம் என்றால் அவர் கிளம்பத் தயாராகிறார் என்று வார்டில் சொல்வார்கள். அதை அவள் நம்புவதில்லை. ஆனாலும் அன்று இரண்டு தடவை நாடி பார்த்தாள்.

மறுநாள் இத்ரிஸ் பெரியப்பாவின் பழைய போனில் எண் தேடி ஸ்ஃபாக்ஸில் இருக்கும் அவருடைய அக்கா மப்ரூக்காவைப் பிடித்தான். காது மந்தம். ஒலிபெருக்கியில் போட்டதும் வீடே அதிர்ந்தது.

"யாரு? மொராக்கோவா? என் தம்பி போயிட்டானா?"

"இல்லம்மா, இருக்காரு. நான் அவரைப் பாத்துக்கறவ. ஷர்மூலா கேக்குறாரு."

"கேக்குறானா? அப்ப பொழைச்சுக்குவான்."

"செஞ்சு குடுத்தேம்மா. வேணாங்குறாரு. நல்லாத்தான் செஞ்சேன். மத்தி, பூண்டு, கொத்தமல்லி..."

"கொத்தமல்லியா? ஏந்தாயி, அவன் என்ன ஆடா? தழையைப் பறிச்சுப் போட்டிருக்கே?"

"எங்க ஊர்ல ஷர்மூலான்னா அதுதாம்மா."

"உங்க ஊர்ல கழுதையைக் குதிரைன்னு கூப்பிட்டா நாங்க அதுல ஏறிப் போகணுமா? ஷர்மூலான்னா வெங்காயமும் உலர்திராட்சையும். பெருநாள் காலையில உப்பு மீனோட திங்கிறது. ஸ்ஃபாக்ஸ்ல பொறந்த பச்சைக் குழந்தையைக் கேளு, சொல்லும்."

"மீனோட உலர்திராட்சையா?" பதூலுக்கு நிஜமாகவே குமட்டியது.

"ஏன், நீங்க மட்டும் ஆட்டுக் கறியில திராட்சை போட்டுத் தேனை ஊத்தித் திங்கலாம், நாங்க மீன்ல போடக் கூடாதா? எழுதிக்கோ. வெங்காயத்தை எண்ணெய்ல போட்டு, அது அழுது ஓயுற வரைக்கும் அடுப்பை விட்டு நகராதே. திராட்சையை வேகவெச்சு அரைச்சு அந்தச் சாறை ஊத்து. பட்டை, கிராம்பு, காய்ஞ்ச ரோஜா மொட்டு. கொஞ்சம் திராட்சையை முழுசா விடு, பல்லுல கடிபடணும். அது இல்லன்னா ஷர்மூலாவே இல்ல."

"சரிம்மா."

"அந்த ஹனியா நல்லவதான், அல்லா அவளுக்கு இடம் குடுக்கட்டும். ஆனா என்னத்தைச் செஞ்சு போட்டாளோ. ஒவ்வொரு பெருநாளும் அவன் எனக்குப் போன் போட்டு, 'அக்கா, இங்க ஷர்மூலா இல்ல, இங்க ஷர்மூலா இல்ல'ன்னு அழுவான். அவன் வாய்க்கு இப்பவாவது நெசமானதைக் குடு தாயி."

போனை வைத்ததும் இத்ரிஸ் உற்சாகமாகிவிட்டான். "பாத்தீங்களா? இத்தனை வருஷமா பெரியப்பா வாய்க்குக் கிடைக்காதது இது. நாங்க பெருநாளைக்கு எங்கம்மா வீட்டோட நின்னுக்குவோம். பெரியம்மா வீட்டுல ஒரே மீன் கவுச்சி, யாரும் வர மாட்டோம். அதனால எனக்கே தெரியாது."

பதூல் கத்தாழை மீன் வாங்கி, பிளந்து, உப்பில் ஓர் இரவு வைத்தாள். ஹாஜிக்கு இரத்தக் கொதிப்பு உண்டு; ஆகவே தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கினாள். சதையை விரல்களுக்கு நடுவே அழுத்தி அழுத்தி முள் பார்த்தாள். வெங்காயம் மெதுவாக வதங்கிச் சிவந்து இருண்டது. வீடு முழுக்கப் பட்டை வாசமும் உப்பு மீன் வாசமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நின்றன. நோன்பு வாயோடு மூக்கை மட்டும் நம்பிச் செய்தாள். இந்தச் சமையலில் அவள் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் திராட்சைக்கு வந்தாள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தோலோடு ஊதிய திராட்சை ஆகாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கடிபடணும் என்று மப்ரூக்கா சொன்னது காதில் நின்றது. ஏற்கனவே ஒரு தடவை தப்பான ஷர்மூலா கொடுத்தாயிற்று. இந்தத் தடவையும் குறை இருக்கக் கூடாது. நாலைந்தை மட்டும் கரண்டியின் முதுகால் நசுக்கி, அப்படியே விட்டுவிட்டாள்.

ஹாஜியை நேராக உட்காரவைத்தாள். தலையணை, கழுத்துத் துணி, முகவாய் கீழே. வாசம் பட்டதும் அவர் மூக்கு விடைத்தது. வாய் தானாகத் திறந்தது. இத்ரிஸ் கதவோரம் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

முதல் கரண்டி உள்ளே போனது. அவர் அதை வாயிலேயே வைத்திருந்தார். ஏதோ தேடுகிறவர் போலக் கண் சுருங்கியது. பிறகு உதட்டோரமாகப் பழுப்புச் சாறு வழிய ஆரம்பித்தது. அதோடு ஒரு திராட்சைத் தோல் தொண்டைக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

இருமலே வரவில்லை. அதுதான் மோசம். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை, உதடு நீலமானது. பதூல் அவரை முன்னே சாய்த்து, தோள்பட்டை நடுவே உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். இன்னொன்று. இன்னொன்று. இத்ரிஸ் கத்தினான். "கத்தாதீங்க, அவரு நெஞ்சைப் பிடிங்க" என்றாள். அடுத்த அடியில் தோல் வெளியே வந்து விரிப்பில் விழுந்தது. ஹாஜி இழுத்த மூச்சு அடுத்த அறை வரை கேட்டது.

கன்னத்துக்குள் விரல் விட்டு மிச்சத்தைத் துடைத்தாள். நெஞ்சுக்குள் ஏதாவது இறங்கியிருந்தால் நாளைக்குள் காய்ச்சல் காட்டும். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் குழாய். யாரோ போனில் சொன்னதற்காகத் தன் வேலையின் விதியை மீறினாள். தன்னைத் திட்டிக்கொள்ள நேரமில்லை, வெப்பமானியைத் தேடினாள்.

மறுநாள் மதியம் வரை காய்ச்சல் இல்லை. அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டு அவள் கைதான் சூடாயிருந்தது. அப்போது கதவு இடிபட்டது.

பக்கத்து வீட்டு ஷாமா. மொட்டைமாடிக் கொடிக்கயிறு யாருடையது என்று பதூல் வந்த முதல் மாதமே சண்டை போட்டு, அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. இப்போது மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏன்டியம்மா, ஹனியா போனதோட இந்த நாத்தமும் போச்சுன்னு நிம்மதியா இருந்தேன். திரும்ப ஆரம்பிச்சாச்சா? நேத்திலிருந்து என் வீட்டுத் திரைச்சீலையெல்லாம் மீன் வாடை!"

"ஹாஜிக்கு ஷர்மூலா செஞ்சேன். சாப்பிடலை. விடுங்க, இனிமே செய்ய மாட்டேன்."

ஷாமா துணியை இறக்கினாள். இரண்டு தடவை மூக்கை இழுத்தாள். "இது அந்த வாடை இல்லையே."

"அதேதான். அவங்க ஊர் அக்காகிட்டயே கேட்டுச் செஞ்சேன்."

"நான் முப்பது பெருநாள் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்தவ, எனக்குத் தெரியாதா? இதுல கிராம்பு வருது. ஹனியா கிராம்பு போட மாட்டா, அவளுக்குப் பல்லு வைத்தியர் ஞாபகம் வருமாம். இனிப்பு தாங்காதுன்னு உப்பு எலுமிச்சை ஊறுகாயை அரைச்சுப் போடுவா. கூடவே பூண்டு. கடைசியில ஒரு பிடி கொத்தமல்லி."

"கொத்தமல்லியா? திராட்சை ஷர்மூலாவிலயா?"

"அதான் சொல்றேனே. என்கிட்ட வந்துதான் கொத்தமல்லி கடன் வாங்குவா. உங்க ஊரும் இல்லாம, அவரு ஊரும் இல்லாம, என் வீட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் இருந்த கண்றாவி அது."

பதூல் யோசித்தாள். "அது அவருக்குப் பிடிக்காதே. அக்காகிட்டப் போன்ல அழுவாராம், இங்க ஷர்மூலாவே இல்லன்னு."

ஷாமா சிரித்த சிரிப்பில் மாடிப்படி எதிரொலித்தது. "போன்லயா? என் அடுப்பங்கரை வரைக்கும் கேக்கும். 'இல்ல! இது ஷர்மூலா இல்ல!' அப்படி ஒரு கத்து. அடுத்து என்ன கேக்கும் தெரியுமா? ரொட்டியால தட்டை வழிக்கிற சத்தம். அப்புறம், 'இன்னும் கொஞ்சம் போடு'. திரும்பவும், 'இது ஷர்மூலா இல்ல'. சட்டி காலியாகுற வரைக்கும் இதே பாட்டு."

பதூல் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இந்தக் குளிர்காலம் முழுக்க, இல்ல என்ற சொல் காதில் விழுந்த ஒவ்வொரு தடவையும் தான் எடுத்துப்போன கிண்ணங்கள் வரிசையாக ஞாபகம் வந்தன.

"ஷாமா, உங்ககிட்ட உப்பு எலுமிச்சை இருக்கா?"

"கொடிக்கயிறு?"

"உங்களோடதுதான். எடுத்துக்குங்க."

அன்று மாலை பிறை தெரிந்ததாக அறிவித்தார்கள். விடிந்தால் பெருநாள். காய்ச்சல் இன்னும் இல்லை.

காலையில் தொழுகை ஓசை தெருவில் ஓடிக்கொண்டிருந்தபோது பதூல் அடுப்பின் முன் நின்றாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் அரைத்தாள், மீனையும் சேர்த்து; இரண்டு தடவை வடிகட்டினாள். கரண்டியில் நின்றால் நகராத பதம். நோன்பு முடிந்துவிட்டதால் நாக்கில் வைத்துப் பார்க்க முடிந்தது. இனிப்பும் புளிப்பும் மல்லி வாசமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. முகம் கோணியது. சஃபியில் இதை வைத்தால் தட்டோடு எறிவார்கள்.

இத்ரிஸ் வெள்ளை அங்கியில், பலகாரப் பெட்டியோடு வந்தான். ஷாமா கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்றாள். ஹாஜியை உட்காரவைத்து, முகவாயைத் தாழ்த்தி, பதூல் கரண்டியை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இல்ல" என்றார் ஹாஜி.

இத்ரிஸ் கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினான். பதூல் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கரண்டியை நகர்த்தவில்லை. திணிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

"ஷர்மூலா..." அவர் இடது கை மெத்தையைத் தட்டியது. "இல்ல."

"இல்லதான் ஹாஜி" என்றாள் பதூல். "ஒத்துக்கறேன்."

வாய் திறந்தது.

கரண்டி உள்ளே போனது. அவள் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல்வளை மேடு நின்றது. நின்றது. பிறகு மேலே ஏறி இறங்கியது. இருமல் வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. கன்னத்தில் தங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

"இல்ல" என்றார், முன்பைவிடச் சத்தமாக, கோபமாக. வாய் மறுபடி திறந்தது.

"ஹாஜி, நல்லாயில்லன்னா எடுத்து வெச்சிடட்டுமா?" என்று கதவோரமிருந்து ஷாமா குரல் கொடுத்தாள்.

"இல்ல!"

இத்ரிஸுக்கு அழுகை வந்தது. "ஓரமா போய் அழுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்றாள் பதூல். அவளுக்குக் கரண்டி தெரிய வேண்டும். கிண்ணத்தில் பாதி இறங்கியது. அதற்குமேல் அவருக்குக் களைத்துவிட்டது. களைப்பில் விழுங்குவதுதான் ஆபத்து, ஆகவே நிறுத்தினாள். அரை மணி நேரம் படுக்கவிடாமல் உட்காரவைத்தாள்.

அடுத்தடுத்த நாட்களில் எதைக் கொடுத்தாலும் இல்ல என்றார். பதூல் கரண்டியோடு காத்திருந்தாள். சில நேரம் வாய் திறந்தது. சில நேரம் நிஜமாகவே இல்லைதான். உதடு இறுகி, முகம் சுவர்ப்பக்கம் திரும்பும். ஒரே சொல்லில் இரண்டையும் பிரித்தறிய அவள் பழக வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேளையும் தப்பாகப் புரிந்துகொள்வோமோ என்ற பயம் போகவில்லை.

மருத்துவமனைக்குப் போன அன்று இத்ரிஸ் அவரை ஏந்திக்கொண்டு எடைக் கருவியில் ஏறினான். எடை ஏறவில்லை. இறங்கவும் இல்லை. மருத்துவர் ஹாஜியையும், ஹாஜியின் இடது கையையும், பதூலையும் பார்த்துவிட்டு, "குழாய் இப்ப வேணாம். அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்.

வீடு திரும்பியதும் மப்ரூக்காவிடமிருந்து போன்.

"என்ன தாயி, சாப்பிட்டானா? நான் சொன்ன மாதிரியே செஞ்சியா?"

பதூல் வாசல் பக்கம் பார்த்தாள். எதிர்ச் சுவரில் ஷாமா கொடுத்த கொத்தமல்லிக் கட்டு ஆணியில் தொங்கியது.

"நீங்க சொன்னது, நான் சொன்னது, எல்லாம் போட்டுத்தாம்மா செஞ்சேன்."

"என்ன? காது கேக்கல. நெசமான ஷர்மூலாதானே?"

படுக்கையறையிலிருந்து ஹாஜியின் குரல் வந்தது. மெத்தையைத் தட்டும் சத்தமும் வந்தது. "இல்ல! இல்ல!"

"அவன் என்ன கத்துறான்?" என்றாள் மப்ரூக்கா.

"பசிக்குதாம்மா" என்று சொல்லிவிட்டு, பதூல் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.